எந்த லாரி மலிவு?

உங்கள் வீட்டில் ஒரு புதிய லாரி வாங்கப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்து வாசகர்களிடம் ‘வைத்துக்கொள்வோம்’ என்று சொல்லவே தேவையில்லை. அவர்களில் பலருக்கு இது வீட்டில் நடக்கும் செய்திதான். மேசைமீது இரண்டு கொட்டேஷன்கள் இருக்கின்றன. இரண்டும் ஒரே அளவுள்ள வண்டிகள். ஆனால் தயாரித்த நிறுவனங்கள் வேறு. ஒன்றை ‘அ’ என்றும் மற்றொன்றை ‘ஆ’ என்றும் அழைப்போம். ‘ஆ’ வண்டி ரூ.1,20,000 மலிவு. “அது அடிக்கடி வழியில் நின்றுவிடுமாம்” என்கிறார் மாமா. “என் கூட்டாளி மூன்று வைத்திருக்கிறான், ஒரு தொல்லையும் இல்லை” என்கிறார் சித்தப்பா. அப்பா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

இதில் இயற்பியல் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். ‘நம்பலாம்’, ‘நம்ப முடியாது’ என்று நாம் வாயால் சொல்வதை எண்ணால் சொல்ல முடியும். அப்படிச் சொல்லிவிட்டால் அதை ரூபாயாக மாற்றி விலையோடு ஒரே தராசில் நிறுத்தலாம். அதைச் செய்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சித்தப்பாவின் சான்றை எடுத்துக்கொள்வோம். ‘ஆ’ வகை வண்டிகளில் நூற்றுக்கு முப்பது, முதல் ஆண்டிலேயே கியர் பெட்டித் தொல்லை தருவதாகக் கொள்வோம். இது மிக மோசமான நிலை. அப்படிப்பட்ட வண்டிகளில் மூன்றை ஒருவர் வாங்கினால், மூன்றும் தொல்லையின்றி ஓடும் வாய்ப்பு எவ்வளவு? ஒன்று நன்றாக ஓடும் வாய்ப்பு 0.7. மூன்றும் ஓட, 0.7-ஐ மூன்று முறை பெருக்க வேண்டும். விடை 0.343. அதாவது, இவ்வளவு மோசமான வண்டியை வாங்கியவர்களிலும், மூன்று வைத்திருப்போரில் மூன்றில் ஒருவர் ‘ஒரு தொல்லையும் இல்லை’ என்றுதான் சொல்வார்! சித்தப்பா பொய் சொல்லவில்லை. அவருடைய கூட்டாளியும் சொல்லவில்லை. மூன்று என்ற எண்தான் சிறியது. மாமாவின் சான்றிலும் குறை உண்டு. வழியில் நின்ற வண்டியைப் பற்றி டீக்கடையில் பத்துப் பேர் பேசுவார்கள். ஒழுங்காக ஊர் போய்ச் சேர்ந்த வண்டியைப் பற்றி யார் பேசப்போகிறார்கள்?

அப்படியானால் எதைத்தான் கேட்பது? வண்டிகளை எண்ணாதீர்கள், நிறுத்தங்களை எண்ணுங்கள். அந்த வகை வண்டி வைத்திருக்கும் பத்து உரிமையாளர்களிடம் மூன்றே கேள்விகள் கேளுங்கள்: சென்ற ஆண்டில் எத்தனை கி.மீ. ஓடியது? பழுதாகி எத்தனை முறை நின்றது? ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் நின்றது? பத்து வண்டிகளும் சேர்ந்து 8,00,000 கி.மீ. ஓடி, 20 முறை நின்றிருந்தால், சராசரியாக 40,000 கி.மீ.க்கு ஒரு நிறுத்தம். இந்தச் சராசரியை எவ்வளவு நம்பலாம்? கல்லூரி ஆய்வகத்தில் கைகர் எண்ணியைக் கையாண்ட மாணவர்களுக்கு இதற்கான விடை தெரியும். எண்ணிக்கையின் வர்க்கமூலமே அதன் ஐயப்பாட்டின் அளவு. 20-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 4.5. ஆகவே 20 என்று எண்ணியது உண்மையில் 15 அல்லது 25 ஆகவும் இருக்கலாம். ‘ஆ’ வண்டிகள் அதே தூரத்தில் 40 முறை நின்றிருந்தால், அதன் ஐயப்பாடு 6 அளவு. 20-க்கும் 40-க்கும் உள்ள இடைவெளி இவ்விரண்டு ஐயப்பாடுகளையும் சேர்த்ததைவிடப் பெரியது. இங்கே வேறுபாடு உண்மையானது என்று சொல்லத் துணியலாம். 20-உம் 24-உம் வந்திருந்தால் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

பெருக்கல் செய்யும் விந்தை

ஒரே மாதிரி எஃகு, ஒரே மாதிரி டீசல், ஒரே மாதிரிச் சாலை. பிறகு ஏன் ஒரு வண்டி மற்றொன்றைப்போல் இரு மடங்கு நிற்கிறது? இதற்கு விடை தந்தவர்களில் முக்கியமானவர் ராபர்ட் லுஸ்ஸர் என்ற ஜெர்மானியப் பொறியாளர். இரண்டாம் உலகப் போரின்போது வி-1 பறக்கும் குண்டை வடிவமைத்தவர்களுள் ஒருவர். ஒரு சங்கிலியின் வலிமை அதன் மிக நலிந்த கண்ணியின் வலிமைதான் என்று அதுவரை எல்லோரும் நம்பி வந்தார்கள். நம்பகத்தன்மைக்கு இது பொருந்தாது. ஏதேனும் ஓர் உறுப்பு பழுதானாலும் எந்திரம் நின்றுவிடும் என்றால், எல்லா உறுப்புகளின் நம்பகத்தன்மையையும் ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். இது இன்றும் லுஸ்ஸர் விதி என்றே வழங்குகிறது.

நமது லாரியில் அப்படிப்பட்ட உறுப்புகள் ஆயிரம் இருப்பதாகக் கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட தூரத்தைப் பழுதின்றிக் கடக்கும் வாய்ப்பு 0.9999. பத்தாயிரத்தில் ஒன்றுதான் பழுதாகும். மிக உயர்ந்த தரம். ஆயிரம் முறை பெருக்கினால் 0.905 வரும். நூறு வண்டிகளில் 90 கடந்துவிடும். இப்போது ஒவ்வோர் உறுப்பிலும் சிறிது மலிவு பார்த்து, பத்தாயிரத்தில் ஐந்து பழுதாகும் நிலைக்கு இறங்குவோம். ஓர் உறுப்பைக் கையில் எடுத்துப் பார்க்கிறவருக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. ஆனால் பெருக்கிப் பார்த்தால் 0.606 தான். நூறு வண்டிகளில் 39 வழியில் நின்றுவிடும்! ஷோரூமில் கதவைத் திறந்து மூடியும், சக்கரத்தை உதைத்தும் வண்டியின் தரத்தை அறிய முடியாது என்பது இதனால்தான். (உதைப்பதை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை, அது ஒரு மரபு.)

பழுதுகள் வண்டியின் வயதோடு எப்படி மாறுகின்றன என்று வரைபடம் போட்டால், அது குளியல் தொட்டியை நெடுக்காக வெட்டியது போல இருக்கும். தொடக்கத்தில் உயரம்: சரியாக முடுக்கப்படாத போல்ட்டு, வார்ப்பில் குறையுள்ள உறுப்பு முதலியன முதல் சில மாதங்களில் வெளிப்பட்டுவிடும். பிறகு நீண்ட சமதளம். அங்கே பழுதுகள் எப்போதாவது, முன்னறிவிப்பின்றி வரும். கடைசியில் தேய்மானத்தால் மீண்டும் ஏற்றம். உத்தரவாதக் காலம் பெரும்பாலும் இடப்பக்கத்து உயரத்தையும் சமதளத்தில் ஒரு பகுதியையும் மூடும்படி அமைந்திருக்கும். ‘இத்தனை ஆண்டு அல்லது இத்தனை லட்சம் கி.மீ., எது முன்னால் வருகிறதோ அது’ என்ற வரியைப் படியுங்கள். நெடுந்தூரம் ஓடும் வண்டிக்குக் கிலோமீட்டர் முன்னால் வந்துவிடலாம்.

சமதளத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உள்ளது. 40,000 கி.மீ.க்கு ஒரு பழுது என்றால், 39,000 வரை கவலையில்லை என்று நினைக்கிறார்கள். அப்படியன்று. கதிரியக்க அணுக்கள் சிதைவதைப்போல, இங்கே பழுது எந்தக் கணத்திலும் வரலாம். சராசரி தூரமான 40,000 கி.மீ.யை ஒரு முறையும் நிற்காமல் கடக்கும் வாய்ப்பு 37 விழுக்காடுதான். விளம்பரத்தில் வரும் ‘என்ஜின் ஆயுள்’ வேறொரு அளவு. அது பெரும்பாலும் நூற்றில் பத்து என்ஜின்கள் பெரும் பழுதடையும் தூரத்தைக் குறிக்கும். உங்களுடையது அந்தப் பத்தில் ஒன்றாகவும் இருக்கலாம், மற்றத் தொண்ணூறில் ஒன்றாகவும் இருக்கலாம்.

விலை ஏன் இறங்குகிறது?

இனி விற்பனையாளர் பக்கம் போவோம். அவரும் வட்டி கட்டுகிறவர்தான். ரூ.30 லட்சம் பெறும் வண்டி அவருடைய இடத்தில் விற்காமல் நின்றால், ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டியில் மாதம் ரூ.25,000 கரைகிறது. நான்கு மாதம் நின்ற வண்டியில் அவர் ரூ.1,00,000 தள்ளுபடி தந்தால் அது தாராளமன்று, கணக்கு. மாத இறுதியிலும் மார்ச்சு மாதத்திலும் விலை இளகுவதற்கு விற்பனை இலக்கு காரணம். இப்படிக் கிடைக்கும் தள்ளுபடி வண்டியின் நம்பகத்தன்மையைப் பற்றி எதையும் சொல்வதில்லை, தாராளமாக வாங்கிக்கொள்ளலாம். ஆனால் வண்டி எத்தனை மாதம் வெயிலில் நின்றது என்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். 3524 என்றால் 2024-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது. சும்மா நின்ற ஈய-அமில பாட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட்டு கெட்டிப்பட்டுவிடும். பிறகு எவ்வளவு மின்னேற்றினாலும் முழுக் கொள்ளளவு திரும்பாது. உற்பத்தி மாதமும் ஆண்டும் பதிவுச் சான்றிதழில் ஏறுகின்றன. நாளை நீங்கள் விற்கும்போது வாங்குகிறவர் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

விலை இறங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு; அது வேறு வகை. 2017 மார்ச்சு 29 அன்று உச்ச நீதிமன்றம், பி.எஸ். 3 தர வண்டிகளை ஏப்ரல் 1 முதல் விற்கக் கூடாது என்று ஆணையிட்டது. நாட்டில் அப்போது விற்காமல் இருந்தவை 8 லட்சத்துக்கும் மேல். அடுத்த இரண்டு நாள்களில் கடைகளில் கூட்டம் நெரிந்தது. அன்று மலிவாக வாங்கிய லாரிகளுக்கு என்ன நேர்ந்தது? அவை எளிய எந்திரங்கள். எந்த ஊர் மெக்கானிக்கும் கைவைக்கக் கூடியவை. அந்த வகையில் நல்ல பேரம். ஆனால் 2025 நவம்பர் 1 முதல், தில்லியில் பதிவு செய்யப்படாத, பி.எஸ். 4-க்குக் கீழான சரக்கு வண்டிகள் தில்லிக்குள் நுழையத் தடை வந்தது. வடக்கே ஓட்டுகிறவருக்கு 2017-இன் தள்ளுபடி எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு திருப்பிக் கேட்கப்பட்டது.

அதன் மறுபக்கமும் உண்டு. 2020 ஏப்ரல் 1 அன்று இந்தியா பி.எஸ். 4-இலிருந்து 5-ஐத் தாண்டி நேரே 6-க்குச் சென்றது. புகைக்கரியைப் பிடிக்கும் துகள் வடிகட்டி வந்தது. அதில் சேர்ந்த கரி முழுவதும் எரிய ஏறத்தாழ 600 செல்சியஸ் வெப்பம் வேண்டும். நெடுஞ்சாலையில் பாரத்தோடு ஓடும் வண்டிக்கு அந்த வெப்பம் எளிதில் கிடைக்கும். ஊருக்குள் நின்று நின்று போகும் வண்டிக்குக் கிடைக்காது. நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்ற 32.5 விழுக்காடு யூரியாக் கரைசலும் வந்தது. வயலுக்குப் போடும் யூரியாவைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து ஊற்றினால், அதிலுள்ள தாது உப்புகள் தெளிப்பானையும் வினையூக்கியையும் கெடுத்துவிடும். லுஸ்ஸரின் பெருக்கலில் புதிய உறுப்புகள் சேர்ந்தன. புது வடிவமைப்பு ஆகையால் தொட்டியின் இடப்பக்கமும் உயரம். புதுமுறை வந்த முதல் ஆண்டில் வாங்குவதைவிட இரண்டு ஆண்டு பொறுத்து வாங்குவது மேல் என்று பழைய உரிமையாளர்கள் சொல்வதில் இந்த அளவுக்கு இயற்பியல் இருக்கிறது.

வரியைப் பற்றி ஒரு சிறு செய்தி. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 விழுக்காடானது. ‘விலை பத்து விழுக்காடு குறையவில்லையே’ என்று விற்பனையாளரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். 128 ரூபாய் 118 ஆனால் குறைவு 7.8 விழுக்காடுதான்.

தள்ளுபடி ஒரு கதவு வழியே வந்து இன்னொரு கதவு வழியே வெளியேறுவதும் உண்டு. விற்பனையாளர் ஏற்பாடு செய்யும் கடன் ரூ.20 லட்சம், நான்கு ஆண்டு, ‘7 விழுக்காடுதான்’ என்கிறார். இது மொத்தக் கடனுக்கும் நான்கு ஆண்டும் போடும் நிலை வட்டி. நீங்களோ மாதந்தோறும் அசலைக் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள். மாதத் தவணை ரூ.53,333. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் உண்மை வட்டி ஏறத்தாழ 12.7 விழுக்காடு. குறையும் அசலுக்கு 11 விழுக்காடு என்று ஒரு வங்கி சொன்னால், கேட்பதற்கு அதிகமாகத் தோன்றும். ஆனால் தவணை ரூ.51,700-ஐத் தாண்டாது. நான்கு ஆண்டில் மிச்சம் ஏறத்தாழ ரூ.79,000. நமது ரூ.1,20,000-இல் மூன்றில் இரண்டு பங்கு இங்கேயே போய்விடலாம்!

ஒரே தராசில்

இப்போது எடை போடலாம். நாம் வாங்கும் வண்டி ஆண்டுக்கு 80,000 கி.மீ. ஓடும் என்போம். ‘அ’ 40,000 கி.மீ.க்கு ஒரு முறை நிற்கும். ஆண்டுக்கு 2 நிறுத்தம். ‘ஆ’ 20,000-க்கு ஒரு முறை, ஆண்டுக்கு 4. ஒரு நிறுத்தத்துக்குப் பழுதுபார்ப்பும் இழுவையும் ரூ.15,000. சராசரியாக மூன்று நாள் நிற்கும். ஒரு நாள் நின்றால் இழப்பு எவ்வளவு? வந்திருக்க வேண்டிய வாடகையிலிருந்து, ஓடாததால் மிச்சமான டீசலையும் சுங்கக் கட்டணத்தையும் கழியுங்கள். ரூ.5,000 என்று கொள்வோம். கடன் தவணையை இதனோடு கூட்டாதீர்கள். ஓடினாலும் நின்றாலும் தவணை கட்டியே ஆக வேண்டும். அதை இழந்த வாடகையோடு சேர்த்தால் ஒரே பணத்தை இரு முறை எண்ணியதாகும்.

ஆக, ஒரு நிறுத்தம் ரூ.30,000. ‘ஆ’ ஆண்டுக்கு இரண்டு முறை கூடுதலாக நிற்பதால் ரூ.60,000 கூடுதல் செலவு. இரண்டே ஆண்டில் விலைக் குறைவு கரைந்துவிட்டது. ஆறு ஆண்டு வைத்திருந்தால் ‘ஆ’ வண்டிதான் ரூ.2,40,000 விலை கூடியது. மாமா வென்றார்.

சற்றுப் பொறுங்கள். ‘ஆ’ நிறுவனத்துக்கு உங்கள் தடத்தில் ஐம்பது கி.மீ.க்கு ஒரு பணிமனை இருக்கிறது, உதிரிப்பாகம் கையிருப்பில் உள்ளது, ஒரே நாளில் வண்டி மீண்டும் ஓடுகிறது என்றால்? அதன் ஒவ்வொரு நிறுத்தமும் ரூ.20,000 ஆகிறது, ஆண்டுக்கு ரூ.80,000. ‘அ’ வண்டிக்கோ பாகம் வர மூன்று நாள் ஆகிறது, ஆண்டுக்கு ரூ.60,000. வேறுபாடு ரூ.20,000 தான். விலைக் குறைவு கரைய ஆறு ஆண்டு வேண்டும். அதோடு, ‘அ’ ஆண்டில் 6 நாள் நிற்கிறது. ‘ஆ’ 4 நாள்தான்! எத்தனை முறை நிற்கிறது என்பது பாதிக் கேள்வி. எவ்வளவு விரைவில் எழுகிறது என்பது மறுபாதி. நம் பேச்சில் இந்த இரண்டாவது பாதி எப்போதும் விட்டுப்போகிறது. ஒரே வண்டி தூத்துக்குடித் தடத்தில் மலிவாகவும் நாகபுரித் தடத்தில் விலை கூடியதாகவும் இருக்க முடியும்.

ஐம்பது லாரி வைத்திருப்பவருக்குக் கணக்கு இத்துடன் முடிந்தது. அவருக்குச் சராசரி போதும். ஒன்று நின்றால் மற்றவை ஓடும். ஒற்றை லாரிக்காரருக்குச் சராசரி வருவதில்லை. ஏதோ ஓர் ஆண்டு வருகிறது. ஆண்டுக்குச் சராசரி 4 நிறுத்தம் உள்ள வண்டி, ஏதேனும் ஓர் ஆண்டில் 7 அல்லது அதற்கு மேல் நிற்கும் வாய்ப்பு ஒன்பதில் ஒன்று. சராசரி 2 உள்ள வண்டிக்கு அதே வாய்ப்பு இருநூறில் ஒன்றுதான். ஏழு நிறுத்தம் வந்த ஆண்டில் தவணை தவறும். மூன்று தவணை தவறினால் வண்டி வீட்டு வாசலில் இருக்காது. என்னிடம் படித்த மாணவர் ஒருவர் இரண்டாம் ஆண்டிலேயே கல்லூரியை விட்டதற்குக் காரணம் இப்படி ஓர் ஆண்டுதான். அந்தக் குடும்பத்தின் வண்டி மோசமானதன்று. சராசரியில் நல்ல வண்டி. ஆகவே ஒற்றை வண்டிக்காரர், சராசரிக் கணக்கு சொல்வதைவிடச் சிறிது கூடுதலாகவே நம்பகத்தன்மைக்கு விலை கொடுக்கலாம். அந்தக் கூடுதல் தொகை ஒரு காப்பீட்டுத் தவணை போன்றது. ‘அ’ வண்டிக்கு ரூ.1,20,000 கூடுதலாகக் கொடுக்க மனம் வராவிட்டால், அதே தொகையை வங்கியில் போட்டு, நிற்கும் ஆண்டுக்கென்று தொடாமல் வைத்திருப்பதும் ஒரு வழி. இதில் கடினமான பகுதி, தொடாமல் வைத்திருப்பது.

இவ்வளவு பார்த்து வாங்கிய நம்பகத்தன்மையை ஒரே வாரத்தில் வீணாக்கவும் முடியும். 1842-இல் பாரிசுக்கும் வெர்சாய்க்கும் இடையே ஓடிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின் ஜெர்மனியில் ஆகஸ்டு வேலர் பல ஆண்டுகள் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றிச் சோதித்தார். ஒரு முறை தாங்கிய பாரத்தை உலோகம் பல லட்சம் முறை தாங்காது. அது களைத்துப்போகும் என்று காட்டினார். சக்கரத்து உருளைப் பேரிங்குக்கு இந்தக் களைப்பின் விதி எண்ணாகவே உள்ளது: பாரம் கூடினால் ஆயுள் அதன் பத்தின்கீழ் மூன்று அடுக்கில் குறையும். பாரம் இரு மடங்கானால் ஆயுள் பத்தில் ஒரு பங்கு. 10 டன்னுக்கு உரிய அச்சில் 12 டன் ஏற்றினால், ஆறு ஆண்டு உழைக்க வேண்டிய பேரிங்கு மூன்றேகால் ஆண்டில் ஓய்ந்துவிடும். இருபது விழுக்காடு கூடுதல் பாரத்துக்குக் கிடைக்கும் வாடகை கைக்கு உடனே வருகிறது; பேரிங்கின் கணக்கு மெல்லத்தான் வருகிறது. உத்தரவாதச் சீட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மிகைப்பாரம் ஏற்றியதால் வந்த பழுதுக்குப் பொறுப்பில்லை என்ற வரி அங்கே சிறிய எழுத்தில் இருக்கும். அதை எழுதியவருக்கு வேலரின் வளைகோடு நன்றாகத் தெரியும்.